சாவி கொடுக்க முடியாத கடிகாரம்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, அந்த ஒரே தகுதியில் என்னைக் கடைசிவரை அதட்டி வைத்த மன்னாதி மன்னா, சிங்கப்பூர் ஈசூன் ஒன்பதாம் மாடியின் அதிபதியே, அருமை மாப்பிள்ளை சண்முகம்!

உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போட்டு, "ஆறாத் துயருடன்" என்று நாலு வரி எழுதினால் போதும் என்றார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? உன் மீசையை எழுதவே நாலு வரி வேண்டுமே. அதனால் கடிதமாக எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. கேலியோடுதான் ஆரம்பிக்கிறேன். முடிவுவரை கேலி தாங்குமா, தெரியாது.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. நீ போய், காரியமெல்லாம் முடிந்த கையோடு புத்தாண்டு பிறந்தது. மலேசியாவோடு நேரம் ஒத்துப்போக வேண்டுமாம், சிங்கப்பூர் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய தலைவர்கள் போனால் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிடுவார்கள். என் மாப்பிள்ளை போனதற்கு நாடே அரை மணி நேரத்தைத் தூக்கி எறிந்தது என்று நான் வேலை பார்க்கிற துறைமுகம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். நம்பியவர்களும் இருந்தார்கள்.

நகராத கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். ஈசூன் வீட்டுக்குச் சாவி கிடைத்த அன்று, நாற்காலி மேல் ஏறி நீ மாட்டினாயே, அந்தச் சுவர்க்கடிகாரம். "அவரு வெச்ச நேரம். யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் என் தங்கை பாரு. நானும் விட்டுவிட்டேன். தேக்காவில் பஸ் ஏறி வந்து உன் வாசற்படியைத் தாண்டினால் அரை மணி நேரம் இளமையாகிவிடலாம். இப்படி ஒரு சௌகரியம் உலகத்தில் வேறு எந்த மைத்துனனுக்குக் கிடைத்திருக்கிறது?

ராகு காலத்துக்குத்தான் சிக்கல் வந்தது. ராகு பழைய நேரத்தைப் பார்க்கிறாரா, புது நேரத்தைப் பார்க்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. உன் பெண்டாட்டி இரண்டையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்கிவிட்டாள். ராகுவுக்கு ஓவர்டைம் கொடுத்த முதல் மனுஷி என் தங்கைதான்.

அப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம், மாப்பிள்ளை. உன் மகளுக்கு வேலை கிடைத்தது.

வாசுகிக்கு என்ன வேலை தெரியுமா? அளவை வேலை. சர்வே என்பார்களே, அது. மண்டாய்ப் பக்கத்தில் ஒரு கல்குவாரி. பாதாளத்துக்குப் பக்கத்து வீடு என்று சொல்லக்கூடிய பள்ளம். அதற்குள் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, அளவுக்கம்பைத் தூக்கிக்கொண்டு உன் பெண் இறங்குகிறாள். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெடி வைப்பார்கள். அதற்குக் கால் மணி முன்னால் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். வந்துவிட வேண்டும் என்பதற்கு மேல் அங்கே வேறு சட்டம் தேவையில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உன் படத்துக்குக் கீழே சாமி மேடையில் இருந்த உன் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அந்தப் பழைய ஸ்டீல் வாட்ச். நீ போனதிலிருந்து பாரு அதற்குத் தினமும் சாவி கொடுத்து ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். ஓடியது உன் பழைய நேரத்தில். வாசுகி லாரியில் போகிறபோதே அதை நாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாளே. தினமும் வேலை முடிந்து வந்ததும் வாட்ச் மேடைக்குப் போகும். காலையில் பாரு அரைத் தூக்கத்தில் வாட்சின் சாவித் திருகைச் சுற்றிக் கையில் கொடுப்பாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் பாருவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? விளக்கு, படம், குத்துவிளக்கின் கால், எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பாள். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் வாட்சையும் துடைத்திருக்கிறாள். பின்பக்கம் சந்தனம் வைத்திருக்கிறாள். திருப்பிப் பார்த்தால் மணி தப்பாக ஓடுகிறது! சுவரில் உன் கடிகாரம் ஒரு நேரம் சொல்ல, வாட்ச் அரை மணி முந்திக்கொண்டு நிற்கிறது. பாவம், வயசாகிவிட்டது போல என்று நினைத்துத் திருகை இழுத்து, முள்ளைப் பின்னால் தள்ளி, உன் நேரத்துக்குச் சரியாக வைத்து, மகளிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். எவ்வளவு பிரியமாகச் செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். 

அன்றைக்குச் சாயங்காலம் வாசுகி நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருக்கிற என் அரண்மனைக்கு வந்தாள். அரண்மனை என்றால் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும்தான். கால்சட்டையில் சேறு காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு முதல்ல சொல்லுங்க."

"மருமகளே, இந்த மாமன் காதில் விழுந்த ரகசியம் நடுக்கடலில் போட்ட நங்கூரம்..."

"விளையாடாதீங்க லா, மாமா."

பேச்சுக்குப் பேச்சு அவள் ஒட்டுகிற அந்த 'லா' அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் விளையாட்டை விட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று.

வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தாள். என் ரேடியோவில் ஏழு மணிச் செய்தி ஆரம்பித்திருந்தது. உன் வாட்ச் ஆறரை காட்டியது.

அவள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். வெடிக்கு முன்னால் ஒரே ஓர் அளவு பாக்கி. அவளுடைய அதிகாரி, இவள் பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். இவள் மணியைப் பார்த்தாள். பதினொன்றே கால் தாண்டியிருந்தது. நிறைய நேரம் இருக்கிறதே என்று தண்ணீர் இறைக்கிற பம்புக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறாள். பம்பு போடுகிற சத்தத்தில், வெடிக்கு எச்சரிக்கையாகச் சங்கு ஊதியது கேட்கவில்லை.

"கொடி பிடிக்கிற மலாய்க்காரப் பெரியவர் ஒருத்தர் மேலேருந்து ஓடி வர்றாரு மாமா. செவப்புக் கொடிய ஆட்டிக்கிட்டு 'லாரி! லாரி!'ன்னு கத்துறாரு. நான் எந்த லாரின்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். மலாய்ல ஓடுன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து தெரியும். அந்த நேரத்துல மண்டைக்கு எட்டல மாமா. நான் லாரியத் தேடிக்கிட்டு நிக்கிறேன்."

"அப்புறம்?"

"கையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடுனாரு. இரும்புக் கூண்டு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள தள்ளிட்டு அவரும் விழுந்தாரு. அப்பதான் வெடிச்சிச்சு. கூரை மேல கல்லு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நான் அப்பா வாட்சை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கிடந்தேன். எல்லாம் அடங்கினப்புறம் பாத்தா, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. அதப் பாத்தப்பதான் மாமா எனக்குப் பயமே வந்துச்சு."

வாட்சின் பின்பக்கத்தைத் திருப்பினாள். சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் பாருவின் பெயரைச் சொல்லவில்லை.

"நேரத்தை நீயே சரி பண்ணிட்டாப் போச்சு" என்றேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா திருப்பி வெப்பாங்க."

"அப்ப சொல்லிடு."

"அப்பா நேரத்தால நான் சாகப் பாத்தேன்னு எப்படி மாமா சொல்றது? நீங்க சொல்வீங்களா?"

எனக்கும் அந்தத் தைரியம் இல்லை. சனியும் ஞாயிறும் அவளுக்கு விடுமுறை. திங்கட்கிழமை மத்தியானம் மறுபடியும் வெடி. அதற்குள் ஒரு வாட்ச் வேண்டும். உன் பெண்டாட்டியின் பாசம் உள்ளே புக முடியாத வாட்ச். திருகே இல்லாத வாட்ச். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அந்த ஒரு யோசனைதான்.

மறுநாள் சனிக்கிழமை, சிராங்கூன் சாலையில் முஸ்லிம் பாய் ஒருவரின் வாட்ச் கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் டிஜிட்டல் வாட்சுகள் பட்டாளம் போல நின்றன. கறுப்பு உடம்பு, கறுப்பு வார், எல்லாம் முரட்டுப் பயல்கள். பாய் என்னைப் பார்த்ததுமே, "அண்ணே, கட்டிக்கிட்டு ஆபீஸ் போறதுக்கா, ஆத்துல குதிக்கிறதுக்கா?" என்றார்.

"எரிமலைக்குள்ள இறங்குறதுக்கு" என்றேன். "யானை மிதிச்சாலும் யானைதான் கால் வலிக்குதுன்னு உக்காரணும். அப்படி ஒண்ணு எடுங்க."

பாய் சளைக்கவில்லை. ஒன்றை எடுத்துத் தரையில் போட்டார். இன்னொன்றைத் தண்ணீர் வாளியில் மூழ்கடித்தார். நான் சும்மா இருப்பேனா? கடை வாசலில் ஐந்தடி நடைபாதையின் ஓரத்துக்கு எடுத்துப்போய் உச்சி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அழகாக இருந்த முதல் இரண்டும் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டன. எண் தெரியவே இல்லை. மூன்றாவதற்குக் கண்ணாடி விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. கண்ணாடி உள்வாங்கி, சுற்றிலும் வரப்பு மாதிரி உயர்ந்த விளிம்பு இருக்க வேண்டும். வாரில் ஓட்டை இரட்டையாக இருந்தால் நழுவாது. மணி அடிக்கிற வசதியைப் பாய் பெரிதாகச் சொன்னார். பம்புச் சத்தத்தில் சங்கே கேட்கவில்லை, இந்தக் குருவிச் சத்தமா கேட்கும்? எண் பெரிதாக இருக்க வேண்டும், பார்த்த உடனே கண்ணில் அறைய வேண்டும். என் வாழ்நாளில் பெண் பார்க்கப் போன வீடுகளில் கூட நான் இவ்வளவு குறை சொன்னதில்லை.

வாசுகி அதற்குள் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் முந்தின நாள் இல்லாத வெளிச்சம்.

"மாமா, இதுல ரெண்டு நேரம் வெச்சுக்கலாம் லா. பட்டனை அமுக்குனா அடுத்த நேரம் வருது. ஒண்ணு ஊருக்கு. ஒண்ணு அப்பாவுக்கு."

பாய் ஏற்கெனவே இரண்டாவது நேரத்தை அரை மணி பின்னால் வைத்துக் கொடுத்திருந்தார். அவள் அமுக்கிக் காட்டினாள். நீ வந்தாய். மறுபடி அமுக்கினாள். நீ போனாய்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு மாமா. அப்பாவ மேடையிலயே வெச்சுட்டுப் போன்னு சொல்றீங்களா? அப்பாவும் என்கூட வரணும்."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, நான் வாயால் பிழைக்கிறவன். ஆனால் இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவளுடைய பையில் வேலைக் கையுறை இருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

"போட்டுக்க. கல்லுக் கம்பெல்லாம் எப்படித் தூக்குவியோ, அப்படி இந்த ஸ்டூலைத் தூக்கு."

முறைத்துக்கொண்டே மாட்டினாள். கடை ஸ்டூலைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தாள். கையுறையின் தடித்த விளிம்பு மணிக்கட்டில் உரசியது.

"இப்ப மணி என்ன, சட்டுனு சொல்லு."

பார்த்துச் சொன்னாள். பாய் தலைக்கு மேலே இருந்த கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்த்தேன். கடைசியில் வாசுகியும் பார்த்தாள். அவள் சொன்னது உன் நேரம். பட்டன் எப்போது அமுங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

கையுறையை உருவினாள். பிறகு வாட்சையும் தானே கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஒரே நேரம் காட்டுறது குடுங்க, பாய்" என்றாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். எனக்கு அப்போது வெளியே மாலைக்கடைப் பூவை எண்ணுகிற முக்கியமான வேலை இருந்தது.

இனிமேல்தான் சங்கதி. வாட்ச் வாங்கியாயிற்று, பாருவிடம் என்ன சொல்வது? ஈசூனுக்குப் பஸ்ஸில் வருகிறபோதே நான் ஒரு பொய்யைக் கட்டிவிட்டேன். சாதாரணப் பொய்யா? வேலை இடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாட்ச், ராணுவ ஒழுங்கு, இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், அமைச்சரே வந்து மணிக்கட்டைப் பார்ப்பார் என்று ஏழு அடுக்கு மாளிகை.

பாரு வாட்சைக் கையில் வாங்கினாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். விரல் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இதுக்குத் திருகு எங்கண்ணே?"

"கிடையாது. பேட்டரி. இந்திரலோகத்துத் தொழில்நுட்பம்."

"அப்ப நான் எப்படிச் சாவி குடுக்கிறது?"

நான் மாளிகையின் முதல் அடுக்கைத் திறந்தேன். அவள் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள். கையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடி சுவர்.

"அதுவும் அரை மணி கூட ஓடுது. நேத்து அவரு வாட்சும் இப்படித்தான்..."

நிறுத்திக்கொண்டாள். வாசுகியின் முகத்தைப் பார்த்தாள். பெற்றவள் அல்லவா? என் ஏழு அடுக்கும் அந்த ஒரு பார்வையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"நேத்து என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"வாசுகி."

வாசுகி சொன்னாள். என்னிடம் சொன்னதில் பாதியைத்தான் சொன்னாள். கூரை மேல் விழுந்த கல்லைச் சொல்லவில்லை. லாரி என்று தேடிக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பாரு சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். சமையலறையில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"வெடி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு மணிக்கும்மா."

"ஊரு பன்னெண்டா?"

"ஊரு பன்னெண்டு."

இனி வேலைக்கே போகாதே என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வாசுகியும் அதைத்தான் நினைத்திருப்பாள், விரலால் சோபாத் துணியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பாரு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வரும்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். நீ ஏறி நின்ற அதே நாற்காலி. அதன் மேல் ஏறியும் அவளுக்கு எட்டவில்லை.

"அண்ணே, அத இறக்கிக் குடு."

இறக்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் திறந்தாள். பெரிய முள்ளை ஒரு விரலால் தொட்டு, மெதுவாக, ஏதோ தூங்குகிற குழந்தையின் கையை நகர்த்துகிற மாதிரி, அரை வட்டம் சுற்றிக் கொண்டுவந்தாள். 

"வேலைக்குப் போற பிள்ளை இருக்கிற வீடு. ஊரு நேரம்தான் சுவத்துல இருக்கணும்" என்றாள். அதன் பிறகு மேடையில் இருந்த உன் வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். ஸ்டீல் வார் அவளுக்குப் பெரிது, வளையலைத் தாண்டி முழங்கைவரை ஏறிப்போனது. "இது என்கிட்ட இருக்கட்டும். இதால இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதுல அவரு நேரமே ஓடட்டும், யாரும் மாத்த வேண்டாம்."

திங்கட்கிழமை காலையிலேயே ஈசூனுக்கு வந்துவிட்டேன். சும்மா வந்தேன் என்றேன். வேலைநாளில் சும்மா வருகிற ஆளா நீ என்று பாரு கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மண்டாயில் வெடித்தால் உன் வீட்டு ஜன்னலில் லேசாகக் கேட்கும் என்று உனக்குத் தெரியுமா? எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளாக அதை யாரோ மேல்மாடியில் சாமான் போடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறோம்.

சுவரில் முள் பன்னிரண்டில் ஏறியது. ஒரு கதை ஆரம்பித்தேன், நடுவில் எனக்கே மறந்துபோனது. தூரத்தில் தொம் என்றது. ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. பாருவின் கை உன் வாட்சை மூடிக்கொண்டது.

அதன் பிறகு டெலிபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை, நான் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவன்தான். இதை மட்டும் குறைத்தே சொல்கிறேன்: அது நீண்ட நேரம்.

மணி அடித்தது. பாரு எடுத்தாள்.

"அம்மா, நான் மேலதான் இருக்கேன். வெடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாலயே வந்துட்டேன் லா."

எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தமாகப் பேசினாள். பாரு எதிர்முனைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

போனை வைத்துவிட்டு எனக்கு மட்டும் தட்டுப் போட்டாள். நீயும் உட்காரேன் என்றேன். கையைத் தூக்கி உன் வாட்சைக் காட்டினாள். "அவருக்கு இன்னும் பன்னெண்டு ஆகல" என்றாள்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். தினமும் மத்தியானம் ஜன்னலில் தொம் என்று கேட்கும். டெலிபோன் அடிக்கும். அப்புறம் அரை மணி நேரம் அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். உன் பன்னிரண்டு வந்ததும் சோறு போட்டுக்கொள்வாள். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், வைத்துக்கொள். என்றைக்காவது அவள் விரல் மரத்துப்போய்த் திருகைச் சுற்ற முடியாமல் போனால், நான் வந்து சாவி கொடுப்பேன். உன் வாட்ச் நிற்காது. எவன் வந்து அதைச் சரியான நேரத்துக்கு மாற்றுகிறேன் என்றாலும் அவன் கையை முறிப்பேன். உன் மகள் மணிக்கட்டில் மட்டும் உனக்கு இடமில்லை, கோபித்துக்கொள்ளாதே. அவள் அரை மணி நேரம் உனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கட்டும்.

உன் வீட்டுச் சோற்றுக்கு இன்றைக்கும் வந்துவிடுகிற மச்சான்,
உன் மகளுக்கு ஒரே தாய்மாமன்,
கோவிந்தராசு